கிச்சன் மூலையில் வீணாகும் 220 லிட்டர் இடம்.. கேரஸல், மேஜிக் கார்னர், சாதா ஷெல்ஃப்.. யாருக்கு எது சரிவரும்? முழு விவரம்

மாடுலர் கிச்சனுக்கு கொட்டேஷன் வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டிராயர் எத்தனை, ஷட்டர் எத்தனை, சிம்னி எந்தப் பக்கம் என்று எல்லா வரியும் புரியும். நடுவில் 'கார்னர் யூனிட்' என்று ஒரு வரி வரும். அதற்கு மட்டும் தனியாக ஒரு பெரிய தொகை போட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "இதைப் போடலைன்னா அந்த இடமே வேஸ்ட் ஆயிடும்" என்று பதில் வரும். இடம் வீணாகிவிடுமே என்ற பயத்திலேயே பலரும் தலையாட்டிவிடுகிறார்கள்.

அந்த மூலையில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கு? அதை மீட்க அவ்வளவு செலவு செய்யணுமா? செலவு இல்லாம வழி இருக்கா? பார்க்கலாம்.

மூலை ஏன் உருவாகுது?

ஒரே சுவரை ஒட்டிய நேர் கிச்சனில் இந்தப் பிரச்சினை கிடையாது. எதிரெதிராக இரண்டு மேடை போட்ட பேரலல் கிச்சனிலும் கிடையாது. 'எல்' வடிவத்தில் மேடை திரும்பும் இடத்தில்தான் வருகிறது. 'யூ' வடிவம் என்றால் இரண்டு மூலை.

சமையல் மேடையின் அகலம் பொதுவாக 2 அடி, அதாவது 60 சென்டிமீட்டர். இரண்டு சுவர்களை ஒட்டி வரும் மேடைகள் சந்திக்கும் இடத்தில், கீழே 2-க்கு 2 அடி சதுரம் ஒன்று உருவாகும். அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கம் சுவர். மற்ற இரண்டு பக்கமும் அடுத்தடுத்த அலமாரிகள். ஆக, இதற்குச் சொந்தமாக ஒரு முன்பக்கமே கிடையாது. பக்கத்து அலமாரியின் கதவைத் திறந்து, அது வழியாகத்தான் உள்ளே போக முடியும். கதவு ஒரு பக்கம் மட்டும் இருந்து, மீதி இடம் பக்கத்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத்தான் 'பிளைண்ட் கார்னர்' என்று சொல்கிறார்கள்.

பலகை கனம், கீழே ஸ்கர்ட்டிங், மேலே கிரானைட் எல்லாம் கழித்துப் பார்த்தால் உள்ளே சுமார் 56 சென்டிமீட்டர் நீளம், 56 அகலம், 70 உயரம் கிடைக்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட 220 லிட்டர். பல வீடுகளில் இருக்கும் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் கொள்ளளவே 180, 190 லிட்டர்தான். அதாவது ஒரு ஃப்ரிட்ஜ் அளவு இடம் மூலையில் ஒளிந்திருக்கிறது. சேல்ஸ்மேன் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் இடம் இருப்பது வேறு, கை எட்டுவது வேறு. 1 மீட்டர் அகல அலமாரியில் கதவு 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கதவு முடியும் ஓரத்திலிருந்து, உள்ளே கடைசி மூலை வரை குறுக்காக அளந்தால் சுமார் 78 சென்டிமீட்டர். இரண்டரை அடிக்கு மேல். தரையில் மண்டியிட்டு, தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்தால்தான் அங்கே இருக்கும் பாத்திரத்தைத் தொட முடியும். முட்டி வலி இருக்கிற அம்மாவோ மாமியாரோ சமைக்கிற வீட்டில், இது இடமே இல்லாத மாதிரிதான்.

முதல் கேள்வி: உள்ளே என்ன வைக்கப் போறீங்க?

எந்த ஹார்டுவேர் நல்லது என்று யூடியூபில் தேடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை. கிச்சன் போட்டுக் கொடுக்கிறவர்களும் கேட்பதில்லை.

நம்ம ஊர் சமையலறையில் இரண்டு வகைப் பாத்திரங்கள் இருக்கு. குக்கர், தோசைக்கல், வாணலி, மிக்ஸி ஜார் மாதிரி தினமும் கைக்கு வருபவை ஒரு வகை. அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, முறுக்கு அச்சு, பொங்கலுக்கு எடுக்கும் வெண்கலப் பானை, சீர் வந்த பித்தளைப் பாத்திரங்கள், பத்து பேர் வந்தால் மட்டும் வெளியே வரும் பெரிய குக்கர்.. இவை இன்னொரு வகை. வருஷத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவைதான் எடுப்போம்.

இரண்டாவது வகைக்கு விலை உயர்ந்த ஹார்டுவேர் எதுவும் தேவையே இல்லை. வெறும் ஷெல்ஃப் போதும். தீபாவளிக்கு ஒரு தடவை குனிந்து எடுத்தால் போயிற்று. சொல்லப்போனால், அண்டா மாதிரி அகலமான பாத்திரங்கள் மேஜிக் கார்னரின் கம்பிக் கூடைக்குள் போகவே போகாது. கூடையின் அகலத்தையும் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே இருக்கும் உயரத்தையும் அளந்து பார்த்தால் தெரியும். காசு கொடுத்து இடத்தைச் சின்னதாக்கிக்கொண்ட கதையாகிவிடும்.

வேறு அலமாரி இல்லாத சின்ன கிச்சன், தினமும் புழங்கும் பாத்திரத்தையே மூலையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் கணக்கு மாறும். அங்கேதான் சுழலும், இழுக்கும் வகைகளுக்கு அர்த்தம் இருக்கு.

கேரஸல்: சுத்தும், ஆனா கொஞ்சம் இடத்தைத் தின்னும்

நடுவில் ஒரு கம்பம், அதைச் சுற்றி வட்டத் தட்டுகள். கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிவிட்டால் பின்னால் இருப்பது முன்னால் வரும். 'லேஸி சூசன்' என்பதும் இதே குடும்பம்தான். மூலையில் கதவு 'எல்' மாதிரி மடங்கித் திறக்கும் அலமாரிகளுக்கு, தட்டில் கால் பங்கை வெட்டி எடுத்த வடிவம் வரும். பிளைண்ட் கார்னருக்கு அரை வட்டத் தட்டுகள். அரை வட்டம் கதவு வழியாக வெளியே சுழன்று வரும்.

சதுரப் பெட்டிக்குள் வட்டத் தட்டு வைத்தால் நாலு ஓரமும் வீணாகும். கணக்குப்படி, சதுரத்தை முழுசாகத் தொடும் வட்டம்கூட சதுரத்தின் பரப்பில் 78.5 சதவீதம்தான். கால் பங்கு வெட்டிய தட்டு என்றால் இன்னும் குறையும். 220 லிட்டரை மீட்கிறோம் என்று ஆரம்பித்து அதில் ஒரு பகுதியை மறுபடி இழக்கிறோம். ஆனால் கிடைப்பது கைக்கு எட்டும் இடம் என்பதால் பெரிய குறையாகச் சொல்ல முடியாது.

கேரஸலின் உண்மையான தொல்லை வேறு. தட்டைச் சுற்றி விளிம்பு தாழ்வாக இருந்தால், வேகமாகச் சுற்றும்போது பாட்டிலோ டப்பா மூடியோ பின்னால் விழும். விழுந்தது தட்டுக்கும் சுவர்ப் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் தட்டு சுற்றாது. எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் வாங்கும்போது விளிம்பின் உயரத்தைப் பாருங்கள். உயரமான எண்ணெய் பாட்டில்களை அதில் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. சாமான்கள் சரிவராத இன்னொரு இடம், கம்பத்துக்குப் பக்கம். பெரிய வட்டப் பாத்திரம் நடுக்கம்பத்தில் இடிக்கும்.

மேஜிக் கார்னர், லீ மான்ஸ்: இழுத்தால் எல்லாமே வெளியே

மேஜிக் கார்னரில் கதவைத் திறந்து இழுத்தால் முன்பக்கக் கூடை வெளியே வரும். அது வரும்போதே பின்னால் ஒளிந்திருந்த கூடை பக்கவாட்டில் நகர்ந்து கதவுக்கு நேராக வந்து நிற்கும். குனிய வேண்டாம், கையை உள்ளே விட வேண்டாம். இரண்டு கூடைகளும் செவ்வகமாக இருப்பதால் சின்னச் சின்ன டப்பாக்களை அடுக்க நல்ல வசதி.

லீ மான்ஸ் என்பது சிறுநீரக வடிவத்தில் வளைந்த பெரிய தட்டு. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக முழுசாக வெளியே சுழன்று வரும். ஜெர்மனியின் கெசெபோமர் நிறுவனத் தயாரிப்பு. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற கார் பந்தயத் தடம் இருக்கும் ஊரின் பெயர் இது. இப்போது அதே மாதிரி வளைவில் வேறு பல கம்பெனிகளும் செய்கின்றன. தட்டு முழுசாக வெளியே வந்துவிடுவதால் குக்கர், வாணலி மாதிரி பெரிய பாத்திரங்களுக்கு இதுதான் மேஜிக் கார்னரைவிட வசதி.

விலை? கேரஸலைவிட மேஜிக் கார்னர் அதிகம், இறக்குமதி லீ மான்ஸ் அதற்கும் மேலே. கம்பெனி, அளவு, சாஃப்ட் குளோஸ் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அந்தத் தொகைக்கு அதே கிச்சனில் இன்னும் எத்தனை டிராயர் போடலாம் என்று கேளுங்கள். சில நேரம் மூலையை விட்டுவிட்டு, நேர் சுவரில் இருக்கும் ஷட்டர் அலமாரிகளை டிராயராக மாற்றினால் மூலையில் கிடைப்பதைவிட அதிக வசதி கிடைக்கும்.

ஷோரூமில் இவை எல்லாம் விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வரும். காரணம், அங்கே தட்டில் ஒன்றுமே இருக்காது. ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று கம்பெனியின் விவரத் தாளில் போட்டிருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முடிந்தால் கனமான நாலைந்து பாத்திரத்தை வைத்துக்காட்டச் சொல்லுங்கள். இழுக்கும்போது தட்டு முன்பக்கம் தொங்குதா, சத்தம் வருதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கடப்பா கல் கிச்சன்ல இதெல்லாம் நடக்குமா?

தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் மேடைக்குக் கீழே மரப்பெட்டியே கிடையாது. கடப்பா கல்லை நிறுத்தித் தடுப்பு, நடுவில் ஒரு கல் தட்டு, மேலே கிரானைட். பிறகு கையில் காசு வரும்போது முன்னால் அலுமினியம் அல்லது பிவிசி ஷட்டர் போட்டுக்கொள்வார்கள். இங்கே மூலை என்பது கல்லால் ஆன குகை.

மேஜிக் கார்னர், லீ மான்ஸ் வகைகள் சரியான அளவில் செய்த பலகைப் பெட்டிக்குள் திருகு போட்டு மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. கடப்பா கல்லில் துளை போட்டு மாட்டுவது ரிஸ்க். கல் விரிசல் விடலாம். அதோடு நடுக் கல் தட்டு இடிக்கும், தடுப்புக் கல்லால் கதவின் திறப்பும் குறுகலாக இருக்கும். கல்லை உடைத்து எடுத்து, உள்ளே தனிப் பெட்டி செய்து மாட்டினால் நடக்கும். மேலே இருக்கும் கிரானைட்டின் எடையை அந்தக் கல்தான் தாங்குகிறதா என்று கொத்தனாரிடம் கேட்காமல் யாரும் உடைக்கக் கூடாது.

இந்த வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் கைகொடுப்பது எளிமையான ஒரு வழி. ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் கிரேட் அல்லது சக்கரம் வைத்த டிராலி வாங்குங்கள். ஒன்றை கதவு வழியாக உள்ளே விட்டு, பக்கவாட்டில் தள்ளி மூலைக்குக் கொண்டு போங்கள். அதன் கைப்பிடியில் ஒரு நைலான் கயிறு கட்டி, கயிற்றின் நுனி கதவுப் பக்கம் இருக்கும்படி விடுங்கள். இரண்டாவதை கதவுக்கு நேராக வையுங்கள். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் முன்னால் இருப்பதை வெளியே எடுத்துவிட்டு, கயிற்றை இழுத்தால் மற்றது வந்து நிற்கும். மேஜிக் கார்னர் செய்யும் வேலையும் அதேதான், அது கொஞ்சம் ஸ்டைலாகச் செய்கிறது. வாங்கும் முன் கதவின் திறப்பு அளவை மட்டும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கதவு அகலம் வேறு, கீல் எல்லாம் போக கிடைக்கும் திறப்பு வேறு.

பேட்டரியில் எரியும் சென்சார் விளக்கு ஒன்றை உள்ளே ஒட்டுவதும் உதவும். கதவைத் திறந்தால் எரியும். மூலை அலமாரியில் பாதி சிரமம் இருட்டுதான்.

அரிசி மூட்டையை அங்கே தள்ளலாமா என்று பலருக்கும் தோன்றும். 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு, கடைகளில் 26 கிலோ மூட்டை சகஜமாகிவிட்டது. அவ்வளவு கனத்தை மூலைக்குள் தள்ளுவதும் தினமும் அதிலிருந்து அளந்து எடுப்பதும் இடுப்புக்கு நல்லதில்லை. காற்றோட்டமில்லாத ஈரமான மூலையில் அரிசியில் பூச்சியும் வரும். சக்கரம் வைத்த அரிசி டப்பாவை கதவுக்கு நேரே, எட்டும் இடத்தில் வைப்பதே சரி.

கேஸ் சிலிண்டரை மூலையில் வைக்கக் கூடாது.. ஏன்?

இதில் சமரசமே கிடையாது. 'இடம் சும்மாதானே கிடக்கு' என்று சிலிண்டரை மூலைக்குள் தள்ளி, முன்னால் ஷட்டரைப் போட்டு மூடுவது சில வீடுகளில் நடக்கிறது.

எல்பிஜி காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய மூலையில் அது வெளியே போக வழியில்லை. வாசனை வெளியே தெரிய நேரமாகலாம். அதற்குள் யாராவது கதவைத் திறந்து பக்கத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால், அந்தச் சின்னப் பொறி போதும். இன்னொன்று, அவசரத்தில் ரெகுலேட்டரை மூட வேண்டும் என்றால் கை உடனே எட்ட வேண்டும். மூலைக்குள் தலையை விட்டுத் தேடும் நிலை வரக் கூடாது. 14.2 கிலோ கேஸ் நிரம்பிய வீட்டு சிலிண்டரின் மொத்த எடை சுமார் 30 கிலோ. அதைப் பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே தள்ளும்போது ரப்பர் டியூப் மடங்கவும் நசுங்கவும் வாய்ப்பு அதிகம்.

சிலிண்டர் நிமிர்ந்த நிலையில், அடுப்பு மட்டத்துக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அலமாரிக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் கீழேயும் மேலேயும் காற்றுப் போக்குத் திறப்பு கட்டாயம். வாஸ்துப்படி அடுப்பு தென்கிழக்கு அக்னி மூலையில் வரும் வீடுகளில், மேடை திரும்பும் இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் என்பதாலேயே சிலிண்டரும் அந்த மூலைக்குள் போய்விடுகிறது. அடுப்பை மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, சிலிண்டருக்கு நேர் சுவரில் ஒரு திறப்பு கொடுப்பது ஆரம்பத்திலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

சிங்க் மூலைக்கு வந்தால்?

மேடை மூலையில் குறுக்காக சிங்க் வைத்தால் கீழே இருக்கும் மூலை பைப்புக்குப் போய்விடும், வீண் என்ற பேச்சே வராது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் பைப் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் யாருக்கும் தெரியாது. பலகை ஊறி உப்பிய பிறகுதான் தெரியும். பார்ட்டிக்கிள் போர்டு, எம்டிஎஃப் என்றால் ஊறினால் மாற்ற வேண்டியதுதான். சிங்க் மூலைக்குப் பக்கத்தில் வரும் என்றால், அந்தப் பெட்டிக்காவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். சாதாரண ஐஎஸ் 303 பிளைவுட்டைவிட தண்ணீரை நன்றாகத் தாங்கும். டபிள்யூபிசி, பிவிசி போர்டும் ஊறாது.

இருட்டு, ஈரம், உணவுத் துகள் மூன்றும் சேர்ந்த இடம் கரப்பான் பூச்சிக்குப் பிடித்த இடம். பைப் நுழையும் ஓட்டையைச் சுற்றி சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

மூடி விட்டுவிடுவதும் ஒரு வழிதான்

டிசைனர்கள் அதிகம் சொல்லாத வழி இது. மூலைச் சதுரத்தை அப்படியே மூடிவிட்டு, இரண்டு பக்கமும் முழு அகல டிராயர்கள் வைப்பது. இழப்பது 220 லிட்டர். ஆனால் இரண்டு பக்கத்து அலமாரிகளும் நேராக, முழுசாகப் பயன்படும். ஹார்டுவேர் செலவு மிச்சம், பழுதாக ஒன்றுமில்லை. 'யூ' வடிவ கிச்சனில் ஒரு மூலைக்கு ஹார்டுவேர், இன்னொரு மூலைக்கு மூடி என்று பிரித்துக்கொள்ளலாம். மூடும்போது நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். இல்லையென்றால் எலிக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

மூலைக்குப் பின்னால் சுவர் இல்லாமல் ஹால் பக்கம் திறந்த கவுன்ட்டராக இருந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பக்கத்தில் கதவு வைத்து, டைனிங் தட்டுகள், விருந்தாளி டம்ளர்கள் எல்லாம் அங்கே வைக்கலாம்.

மேடைக்கு மேலேயும் அதே மூலை இருக்கிறது. முன் ஓரத்திலிருந்து சுவர் மூலை வரை குறுக்காக சுமார் 85 சென்டிமீட்டர். காய் நறுக்க ஆகாது, கை எட்டாது. டேபிள் டாப் கிரைண்டருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கனம் என்பதால் அதைத் தூக்கி வைத்து எடுப்பதுதான் பெரிய வேலை, மூலையில் நிரந்தரமாக உட்கார்ந்தால் அந்த வேலையே இல்லை. பக்கத்தில் 16 ஆம்பியர் வேண்டாம், சாதாரண பிளக் பாயின்ட் ஒன்று போதும். எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தும்போதே சொல்லிவிடுங்கள். மேல் அலமாரிகளின் ஆழம் ஒரு அடிதான் என்பதால் அங்கே மூலை பெரிய தொல்லை தராது.

ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மூலைக்கு இரண்டு பக்கமும் டிராயர் வந்தால், ஒன்றை இழுக்கும்போது அதன் முகப்பு பக்கத்து டிராயரின் கைப்பிடியில் இடிக்கும். இதைத் தவிர்க்க மூலையில் இரண்டு பக்கமும் 2 முதல் 3 அங்குலம் வரை ஃபில்லர் பட்டை விட வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறதே என்று ஃபில்லரை எடுக்கச் சொல்லி, பிறகு டிராயர் பாதிதான் திறக்கிறது என்று புலம்புவது வழக்கமாக நடப்பது. டிஷ்வாஷர் கதவும் மூலைக்கு நேர் எதிரே திறந்தால், அது திறந்திருக்கும் வரை மூலை அலமாரியைத் திறக்க முடியாது.

சுவர்கள் சரியாக 90 டிகிரியில் சந்திக்கின்றனவா என்று கார்பென்டரை மூலைமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு வேலையில் ஒரு பக்கம் ஒரு அங்குலம் போனாலே பெட்டி கோணலாகும், தட்டு உரசும். டைல்ஸ் ஒட்டிய பிறகு எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும்.

கடைசியாக, பிளைண்ட் கார்னர் ஹார்டுவேரில் இடது, வலது என்று தனித்தனி வரும். அலமாரிக்கு நேரே நின்று பார்க்கும்போது ஒளிந்திருக்கும் பகுதி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது அது. ஒவ்வொரு கம்பெனியும் இடது, வலது சொல்லும் முறை வேறுபடலாம். அதனால் வாயால் சொல்லாமல், காகிதத்தில் மூலையை வரைந்து, கதவு எங்கே, ஒளிந்த பகுதி எங்கே என்று அம்புக்குறி போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மாற்றி வந்தால் அது அந்த மூலையில் மாட்டவே மாட்டாது, பிரித்த பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் பல கடைகள் சம்மதிப்பதில்லை.